பாக்கெட்டுக்கு பிஸ்டல், பிஸ்டலுக்கு லேசர்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். டெக்சாஸில் கடை வைத்திருக்கிறீர்கள். இரவு பூட்டிவிட்டு அன்றைய பணத்தோடு கார் வரை நடக்க வேண்டியிருக்கிறது. கிரீன் கார்டு வந்து ஓராண்டு ஆகிறது. வயது 47, வெள்ளெழுத்து வந்துவிட்டது, இதுவரை துப்பாக்கியைக் கையில் தொட்டதில்லை. பேன்ட் பாக்கெட்டில் அடங்குகிற, லேசர் வைத்த ஒன்று வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பாடிகார்டு 380, ரூகர் எல்சிபி, இந்த இரண்டில் எது? லேசர் இருந்தால் பயிற்சி குறைந்தாலும் சமாளித்துவிடலாமா?

என் பதில்: முதல் துப்பாக்கியாக இரண்டுமே வேண்டாம். லேசர் வைத்துக்கொள்ளலாம், உங்கள் கண்ணுக்கு அது உதவும். பயிற்சியை மட்டும் அது குறைக்காது. பழகாத கைக்கு லேசர் பயிற்சியைக் கூட்டத்தான் செய்யும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் சட்டம் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் நம் ஆட்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கிரீன் கார்டு இருப்பதால் நீங்கள் வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பச் சொல்வார்கள், குடியேற்ற எண்ணும் கேட்பார்கள், பின்னணிச் சோதனை முடிந்தால் கையில் கொடுப்பார்கள். ஆனால் எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. எனவே எச்1பியில் இருக்கும் நண்பரை 'சும்மா வாங்க, ரெண்டு ரவுண்டு சுட்டுப் பார்க்கலாம்' என்று சுடுதளத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். உங்களுக்கு விளையாட்டு, அவருக்கு விசா.

2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் 21 வயதானவர்கள், வேறு தடை இல்லாவிட்டால், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. அந்த மாநில லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடமாவது வராமல் இருக்குமா? லைசென்ஸுக்கான தேர்வில் 3, 7, 15 கெஜ தூரத்தில் மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும். பாஸ் ஆவது கடினமில்லை. ஆனால் ஒரு பயிற்றுநர் முன்னால் நின்று 50 தோட்டா சுடுவதே உங்களுக்குப் பெரிய பாடம்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

எல்சிபி 2008-ல் வந்தது. எடை பத்து அவுன்ஸுக்கும் கீழே, குழல் 2.75 அங்குலம், மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) ஆறு, அறையில் (குழலின் பின்முனையில் சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) ஒன்று. பாடிகார்டு 380 2010-ல் வந்தது. அதே அளவுக் குழல், எடை கொஞ்சம் கூடுதல், உடம்பிலேயே லேசர். இரண்டும் .380 ஏசிபி தோட்டா சுடுபவை. பாக்கெட்டில் போட்டால் பர்ஸ் மாதிரி இருக்கும், இருப்பதே மறந்துபோகும். அதுதான் அவற்றின் பெருமை. சுடும்போதுதான் வேதனை.

துப்பாக்கி சின்னதாக இருந்தால் புதியவருக்குச் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். தலைகீழ். எடை குறைந்தால், சுடும்போது கையில் வரும் உதை கூடும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டு விரலுக்கு இடமிருக்காது, இரண்டு விரலில் தொங்கும். பழைய பாடிகார்டின் டிரிகர் நீளமாகவும் கனமாகவும் இழுக்கும். விரல் இழுக்க இழுக்க, பன்னிரண்டு அவுன்ஸ் துப்பாக்கி கையில் கூடவே திரும்பும். நான் முதலில் வாங்கியதும் இந்த ரகம்தான். கவுண்டரில் நின்றவர் 'ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் வசதி' என்றார், நம்பிவிட்டேன். முப்பது தோட்டா சுட்டதும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிவந்து வலித்தது. அன்று பெட்டியில் மூடி வைத்ததை அடுத்த இரண்டு மாதம் திறக்கவில்லை. சுடவே பிடிக்காத துப்பாக்கியில் யாரும் பழக மாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் (குறி பார்க்க மேலே முன்னும் பின்னும் இருக்கும் மேடுகள்) நடுவே உள்ள இடைவெளி இந்தக் குட்டிகளில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். குறி பார்க்கும்போது முன் சைட் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 7 மீட்டர் தூரத்தில் தோட்டா 7 சென்டிமீட்டர் விலகிப் படும். இடைவெளி 16 சென்டிமீட்டர் இருக்கிற பெரிய பிஸ்டலில் அதே தவறுக்கு நாலரை சென்டிமீட்டர்தான். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அந்த முன் சைட் ஏற்கெனவே பஞ்சு மாதிரிதான் தெரியும். லேசரை நீங்கள் தேடுவதற்கு உண்மையான காரணம் இதுதான், அது நியாயமான காரணம். சைட்டைப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு, தூரத்தில் விழும் புள்ளியைப் பார்க்கலாம். தூரம் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும் அல்லவா.

தோட்டாவின் பலத்தையும் சொல்ல வேண்டும். எஃப்.பி.ஐ. தன் சோதனைகளில் உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெல்லுக்குள் தோட்டா 12 முதல் 18 அங்குலம் வரை போக வேண்டும் என்று பார்க்கிறது. இவ்வளவு குட்டையான குழலிலிருந்து வரும் .380 ஹாலோ பாயின்ட் (முனையில் குழியுள்ள, பட்டதும் விரியும் தோட்டா) பெரும்பாலும் ஒன்று நன்றாக விரியும், ஆனால் 12 அங்குலத்தை எட்டாது. அல்லது எட்டும், ஆனால் விரியாது. இரண்டும் சேர்ந்து அமைவது தோட்டாவைப் பொறுத்தது. 9 மி.மீ. தோட்டாவில் இந்தத் தலைவலி குறைவு. விலையும் பெரும்பாலும் .380-ஐ விடக் குறைவு. மாதம் நூறு தோட்டா சுட்டுப் பழகப் போகிறீர்கள் என்றால் அந்த வித்தியாசம் பெட்டிக்குப் பெட்டி தெரியும்.

பத்து வருடம் முன்னால் கேட்டிருந்தால், சின்னதாக வேண்டுமென்றால் .380-தான் என்று நானும் சொல்லியிருப்பேன். 2018-ல் சிக் சாவர் பி365 வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. 3.1 அங்குலக் குழல், பதினெட்டு அவுன்ஸுக்குள் எடை, ஆனால் உள்ளே பத்து 9 மி.மீ. தோட்டா. அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், 2021-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ். இந்த மூன்றில் எது உங்கள் கைக்குப் பொருந்துகிறதோ அதை எடுங்கள். எது சிறந்தது என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. என் கண்ணுக்கு வித்தியாசம் உள்ளங்கை அளவில்தான். வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்துக்குப் போய், பி365-ஐயும் எல்சிபியையும் ஒரே நாளில் ஒவ்வொன்றிலும் ஐம்பது சுட்டுப் பாருங்கள். நான் இவ்வளவு எழுதியதைவிட உங்கள் கை அதை நன்றாகச் சொல்லும்.

பின்னுக்கு ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, இழுக்கக் கை வலு போதவில்லை என்றால் (இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மூட்டுவலிக்காரர்கள் பலருக்கு இந்தப் பிரச்சினை) ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு இஇசட் பாருங்கள். ஸ்லைடு வெண்ணெய் மாதிரி வரும். .380-லும் 9 மி.மீ.யிலும் உண்டு. ஆனால் பேன்ட் பாக்கெட்டை மறந்துவிடுங்கள், அது இடுப்புக்குத்தான்.

இந்த 9 மி.மீ. எதுவுமே உங்கள் பாக்கெட்டில் சரியாக உட்காராது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தாராளமான பாக்கெட் இருந்தால் பி365 போகும், இல்லாவிட்டால் பெல்ட்டுக்கு உட்புறம் வைக்கும் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) வேண்டும். நல்ல தடித்த பெல்ட்டும் வேண்டும். முதல் வாரம் உறுத்தும், மூன்றாவது வாரம் பழகிவிடும். என்ன ஆனாலும் பாக்கெட்தான் என்று பிடிவாதமாக இருந்தால், எல்சிபி மேக்ஸ் என்று 2021-ல் வந்த மாடலைப் பாருங்கள். பழைய எல்சிபியைவிட எடை அதிகம் கூடவில்லை, ஆனால் பத்து தோட்டா பிடிக்கும், சைட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கும். பாடிகார்டும் 2024-ல் 2.0 என்று புதிதாக வந்தது, டிரிகர் எவ்வளவோ தேவலை. ஆனால் அதில் லேசர் கிடையாது. தயாரித்தவர்களே அதைக் கழற்றிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இனி லேசர்.

லேசரை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது 'சிவப்பா, பச்சையா?'. நான் முதலில் கேட்பது 'எப்படி எரிய வைப்பீர்கள்?'. பழைய பாடிகார்டில் லேசர் பட்டன் டிரிகருக்கு மேலே, உடம்பின் பக்கவாட்டில் இருந்தது. அதை விரலால் தேடி அழுத்த வேண்டும். மேசையில் உட்கார்ந்து அழுத்தினால் எளிது. இருட்டில், நெஞ்சு படபடக்க, ஒரு கையில் பணப்பை இருக்கும்போது அந்தப் பட்டன் கிடைக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். கிரிம்சன் ட்ரேஸ் நிறுவனம் பெயர் வாங்கியது இந்த இடத்தில்தான். அவர்கள் லேசரில் பிடியின் முன்பக்கம் ஓர் அழுத்துப் பட்டை இருக்கும். துப்பாக்கியைச் சரியாகப் பிடித்தாலே நடுவிரல் அதை அழுத்தி லேசர் எரிந்துவிடும். பிடியைத் தளர்த்தினால் அணையும். தனியாக யோசிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. பி365-க்கு இந்த வகை லேசர் உண்டு, டிரிகர் கார்டைக் கவ்விக்கொண்டு உட்காரும். ஷீல்டு குடும்பத்துக்கும் உண்டு, ஆனால் மாடலுக்கு மாடல் அளவு மாறும். பெட்டியில் உங்கள் மாடலின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஸ்பிரிங்குக்கு நடுவே உள்ள கம்பியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிற லேசரும் இருக்கிறது, லேசர்மேக்ஸ் அதற்குப் பெயர் போனது. வெளியே எதுவும் நீட்டாது, ஹோல்ஸ்டரும் மாறாது. ஆனால் பிஸ்டலைக் கழற்றும் லீவரையே சுவிட்சாக ஆக்கிவிடுகிறார்கள், விரலால் தள்ள வேண்டும். மறுபடியும் அதே பட்டன் பிரச்சினை.

நிறம்? மனிதக் கண் பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அருகே, அதாவது பச்சையில்தான் கூர்மையாகப் பார்க்கும். பச்சை லேசர் 520-532-ல் இருக்கிறது, சிவப்பு 635-650 பக்கம் தள்ளி நிற்கிறது. ஒரே சக்தியில் பச்சை பல மடங்கு பிரகாசமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். சக்தியைக் கூட்டி வைத்துக்கொள்ளலாமே என்றால், பொதுவாக விற்கிற லேசர் சைட்டுகள் 5 மில்லிவாட்டுக்குள்தான் இருக்கும். டெக்சாஸ் மதிய வெயிலில் சிவப்புப் புள்ளியை ஏழு கெஜத்தில்கூடத் தேட வேண்டியிருக்கும். நீங்கள் சொல்வது இரவு நேரம், அங்கே சிவப்பே போதும். பச்சை பேட்டரியைக் கொஞ்சம் சீக்கிரம் தின்னும், விலையும் கூட. பழைய பச்சை லேசர்கள் குளிரில் மங்கும் என்ற புகார் உண்மைதான். அவை அகச்சிவப்பு ஒளியை ஒரு படிகத்தில் செலுத்திப் பச்சையாக மாற்றுபவை, அந்தப் படிகம் வெப்பநிலை மாறினால் சண்டித்தனம் செய்யும். இப்போது நேரடியாகப் பச்சை ஒளி தரும் டயோடு வந்துவிட்டதால் அந்தத் தொல்லை குறைவு.

லேசர் குழலுக்கு ஓர் அங்குலம் கீழே இருக்கிறதே, குறி தப்பாதா என்று எல்லோரும் கேட்பார்கள். பத்து கெஜத்தில் புள்ளியும் தோட்டாவும் ஒன்றாகச் சேரும்படி சரிசெய்துவிட்டால், துப்பாக்கி முனையில் ஓர் அங்குலம் வித்தியாசம், இருபது கெஜத்தில் மறுபக்கம் ஓர் அங்குலம். நடுவே எங்கு நின்றாலும் அதற்கும் குறைவு. தற்காப்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் திருகு தளர்ந்தால் எல்லாக் கணக்கும் போச்சு. மாதம் ஒருமுறை சுட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இப்போது, லேசர் பயிற்சியைக் கூட்டும் என்றேனே, அது. கையில் எடுத்த முதல் நாளே தெரியும்: புள்ளி நிற்காது. நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம் முன்பும் உங்கள் கையில் இருந்ததுதான், இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. புதியவர் என்ன செய்வார்? புள்ளி நடுவுக்கு வரும் அந்த நொடிக்குக் காத்திருந்து வெடுக்கென்று டிரிகரை இழுப்பார். தோட்டா கீழே இடதுபக்கம் போகும். புள்ளி சரியாகத்தானே இருந்தது என்று லேசரைத் திருகோடு திருகாகத் திருகுவார். நான் அப்படி ஒரு மாலை முழுவதும் திருகியிருக்கிறேன். தவறு என் விரலில் இருந்தது. இரண்டாவது தொந்தரவு, புள்ளியைத் தேடுவது. துப்பாக்கியை நீட்டியதும் புள்ளி எங்கே என்று கண் சுவரெல்லாம் அலையும், அதில் ஒரு நொடி போய்விடும். துப்பாக்கியைக் கண்ணுக்கு நேரே சைட் பார்க்கிற மாதிரியே கொண்டுவந்தால் புள்ளி தானாக அங்கே இருக்கும். எனவே சாதாரண சைட்டில் சுடக் கற்றுக்கொண்ட பிறகு லேசரைப் பூட்டுங்கள். முதல் ஐந்நூறு தோட்டா லேசர் இல்லாமல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதன் மறுபக்கம் அருமையானது. காலித் துப்பாக்கியில் டிரிகர் பழக லேசரைப் போல வாத்தியார் கிடையாது. முதலில் மேகசினைக் கழற்றுங்கள், பிறகு ஸ்லைடை இழுத்து அறையைப் பாருங்கள், விரலை விட்டும் பாருங்கள். வரிசையை மாற்றினால் மேகசினிலிருந்து ஒரு தோட்டா மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத, தோட்டாவைத் தாங்கக்கூடிய சுவரில் புள்ளியை வைத்து டிரிகரை மெல்ல இழுங்கள். 'டிக்' என்ற நேரத்தில் புள்ளி குதிக்கிறதா? எந்தப் பக்கம்? தினம் பத்து நிமிடம் போதும், விரல் எங்கே தவறுகிறது என்று கண்ணெதிரே தெரியும். பெரிய நிறுவனங்களின் நவீன பிஸ்டல்கள் பெரும்பாலும் காலியாக இழுப்பதைத் தாங்கும், கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடியின் பக்கவாட்டில் லேசர் இருக்கும் வகையில் ஒரு சின்ன விஷயம் உண்டு. டிரிகரில் விரல் வைக்காமல் துப்பாக்கியின் உடம்போடு நீட்டி வைக்கும்போது அந்த விரலே ஒளியை மறைக்கும். லேசர் கெட்டுப்போனது என்று நினைத்து விரலை டிரிகருக்குக் கொண்டுபோகாதீர்கள்.

லேசர் டார்ச் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது ஒரு புள்ளியைக் காட்டும், எதிரே நிற்பது யார் என்று காட்டாது. காருக்குப் பக்கத்தில் நிற்பவர் உங்களுக்காகக் காத்திருக்கும் கடைப் பையனாக இருக்கலாம். எனவே இடதுகையில் ஒரு நல்ல சின்ன டார்ச்சுக்கு ஐம்பது டாலர் செலவழியுங்கள், லேசருக்கு முன்பே. விளக்கும் லேசரும் சேர்ந்த ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-6 போன்றவையும் இந்தக் குட்டிகளுக்குக் கிடைக்கின்றன, ஆனால் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டுமென்றால் துப்பாக்கியையும் அந்தப் பக்கம் நீட்ட வேண்டும். யாரென்று தெரியாத ஆளை நோக்கித் துப்பாக்கி நீட்டுவது டெக்சாஸில் குற்றமாகலாம், உள்ளே தோட்டா இல்லை என்று நீங்கள் நினைத்திருந்தாலும். 'சிவப்புப் புள்ளி நெஞ்சில் விழுந்தாலே ஓடிவிடுவான்' என்று சொல்லி விற்பார்கள். அப்படி ஓடினவர்கள் இருக்கலாம். அதை நம்பி துப்பாக்கியை வெளியே எடுப்பது வேறு விஷயம். சுடுவதற்கு நியாயம் இல்லாத இடத்தில் புள்ளி வைப்பதற்கும் நியாயம் இல்லை.

ஹோல்ஸ்டரைக் கடைசியில் வாங்குங்கள். குழலுக்குக் கீழே லேசர் பூட்டினால் பழைய ஹோல்ஸ்டர் பொருந்தாது, அதே லேசருக்கென்று வார்த்தது வேண்டும். துப்பாக்கி, லேசர், ஹோல்ஸ்டர் மூன்றும் சேர்ந்து ஒன்று என்று நினைத்துப் பட்டியல் போடுங்கள். டிரிகரை முழுக்க மூடாத துணி உறை மலிவாகக் கிடைக்கும், தொடாதீர்கள். பாக்கெட்டில் வைத்தாலும் ஹோல்ஸ்டர் கட்டாயம், அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. பாக்கெட் பஞ்சு லேசர் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், புள்ளி சிதறும். காதுக் குச்சியால் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும்.

லேசருக்குப் பதிலாக ஸ்லைடின் மேல் வைக்கும் ரெட் டாட் (சின்னக் கண்ணாடிக்குள் புள்ளியைக் காட்டும் சைட்) பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். கண்ணுக்கு அதுவும் நல்லது, வெயிலிலும் தெரியும், இப்போது பலர் லேசரை விட்டு அங்கே போய்விட்டார்கள். இளம் வயதில் நிறையப் பழகப் போகிறவர் கேட்டிருந்தால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அதில் கண்ணுக்கு நேரே துப்பாக்கி வந்தாக வேண்டும். கீழே விழுந்து கிடக்கிறீர்கள், ஒரு கை மட்டும்தான் விடுதலை, துப்பாக்கி இடுப்பு உயரத்தில்: அந்த மாதிரிக் கோணலான நிலையில் லேசர் மட்டுமே குறி காட்டும்.

ஆக, உங்கள் பணம் என்றால் நான் இப்படிச் செலவழிப்பேன்: பி365 அல்லது ஷீல்டு பிளஸ், கையில் பட்டதும் எரிகிற சிவப்பு லேசர், அதற்கேற்ற ஹோல்ஸ்டர், ஒரு டார்ச், அரை நாள் பயிற்சி, ஐந்நூறு சாதாரணத் தோட்டா. இரவில் வைத்துக்கொள்ளப்போகும் ஹாலோ பாயின்ட்டில் ஐம்பதையாவது சுட்டு, சிக்காமல் போகிறதா என்று பார்த்த பிறகே இடுப்பில் வைப்பேன். மேகசினை மாற்றிப் பார்க்கவும் மறக்க வேண்டாம், சிக்கல் பாதி நேரம் அங்கிருந்துதான் வரும்.

லேசர் பேட்டரி தொடர்ந்து எரிந்தால் நாலு மணி நேரம் போல ஓடும், பிடிக்கும்போது மட்டும் எரிவதால் மாதக்கணக்கில் வரும். வருடத்துக்கு ஒருமுறை, பிறந்தநாளோ பொங்கலோ ஏதாவது ஒரு தேதி வைத்து மாற்றிவிடுங்கள். மாற்றினால் மறுபடியும் சுட்டுப் பாருங்கள். சில மாடல்களில் பேட்டரிக்காக லேசரையே கழற்ற வேண்டும், அப்போது புள்ளி நகர்ந்துவிடும்.